அலாரம் யார் போனில் அடிக்க வேண்டும்?

கேள்வி: என் மனைவிக்குப் பிரசவமாகிப் பதினோரு நாள் ஆகிறது. முதல் குழந்தை, பெண். கடைசி மாதத்தில் மனைவிக்குப் பிரஷர் ஏறியதால் குறித்த நாளுக்குப் பதினைந்து நாள் முன்பே அரசு மருத்துவமனையில் சிசேரியன் செய்து எடுத்தார்கள். எடை 2.6 கிலோ. ஆறாம் நாள் டிஸ்சார்ஜ். இப்போது இருவரும் சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமத்தில் மாமியார் வீட்டில் இருக்கிறார்கள். நான் ஓசூரில் ஷிப்ட் வேலை பார்க்கிறேன். கூட இருக்க முடியவில்லையே என்று, குழந்தை பராமரிப்புச் செயலி ஒன்றை மனைவியின் போனில் போட்டுக் கொடுத்தேன். பால் கொடு, தண்ணீர் குடி, மாத்திரை போடு என்று ஒரு நாளைக்குப் பதினான்கு முறை அடிக்கிறது. குழந்தை முழித்துக்கொள்கிறது என்று மாமியார் போனை சைலண்டில் போட்டுவிட்டார். "நான் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்று போன்கூடத் திட்டுகிறது" என்று மனைவி அழுகிறாள். இரண்டு நாளாகத் தலைவலி வேறு. தலைக்கு ஊற்றியதில் நீர் கோத்துக்கொண்டது என்கிறார்கள். பச்சை உடம்புக்குச் சூடு என்று பிரஷர் மாத்திரையையும் நிறுத்திவிட்டார்களாம். ஏழாம் நாள் நர்சம்மா என் எண்ணுக்கு மூன்று முறை கூப்பிட்டிருக்கிறார். கம்பெனிக்குள் போன் கொண்டுபோக முடியாது, லாக்கரில் இருந்தது. இந்த ரிமைண்டர்களால் உண்மையிலேயே பயன் உண்டா? இருந்தால் எதை வைப்பது, எப்படி வைப்பது?
(பெயர் வேண்டாம், ஓசூர்)

பதில்: அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தைப் படித்த அன்றே போனில் பேசிவிட்டோம். உங்கள் அனுமதியோடு மற்றவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். செயலியைப் பற்றித்தான் கேட்டிருந்தீர்கள். என் கண் நின்றது தலைவலி என்ற இடத்தில். பிரஷர் ஏறி, அதனாலேயே முன்கூட்டிப் பிரசவம் பார்த்த பெண். மாத்திரையை நிறுத்தி நான்கு நாள், இரண்டு நாளாகத் தலைவலி. இது நீர் கோத்ததாகவும் இருக்கலாம், தூக்கம் கெட்டதாகவும் இருக்கலாம். ஆனால் பிரஷர் பார்க்காமல் அப்படிச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. அன்று மாலையே ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்தபோது 150/100. பெரிய மருத்துவமனைக்கு அனுப்பி, மூன்று நாள் வைத்துப் பார்த்து, மாத்திரையை மறுபடி தொடங்கி அனுப்பினார்கள். இதை எழுதும்போது குழந்தைக்குப் பதினெட்டு நாள். தலைவலி இல்லை, பிரஷர் கட்டுக்குள் இருக்கிறது என்று நேற்று சொன்னீர்கள். எனக்கும் மனசு ஆறியது.

பிள்ளை பிறந்துவிட்டால் பிரஷரும் போய்விடும் என்று நிறைய வீடுகளில் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பிரசவமான மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாள் வரைக்கும்தான் அது பலருக்கு உச்சத்துக்குப் போகிறது. அதாவது மருத்துவமனையை விட்டு வீட்டுக்குப் போகிற நேரத்தில். ஆறு வாரம் வரைக்கும் வலிப்பு வரை கொண்டுபோகக்கூடியது அது. கர்ப்பத்தில் பிரஷரே இல்லாதவர்களுக்கும் அபூர்வமாகப் பிரசவத்துக்குப் பிறகு புதிதாக வரும்.

இப்போது அந்தப் பதினான்கு அலாரத்தைப் பாருங்கள். பால், தண்ணீர், மாத்திரை, குளியல், டயப்பர். "பிரஷர் பார்த்தாயா?" என்ற ஒன்று அதில் இல்லை. செயலியைச் செய்தவருக்கு உங்கள் மனைவியைத் தெரியாது. அவர் எல்லாத் தாய்க்கும் பொதுவாக எழுதி வைத்திருக்கிறார். உங்கள் மனைவிக்கு என்று எழுதியது ஒரே ஒரு காகிதம், டிஸ்சார்ஜ் சீட்டு. ரிமைண்டரை அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டு இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்டேன், நினைவிருக்கிறதா? "மாமியார் வீட்டு பீரோவில், பையோடு" என்றீர்கள். பெரும்பாலான வீடுகளில் அங்கேதான் இருக்கிறது. அதைப் போட்டோ எடுத்து உங்கள் போனில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னது அதனால்தான்.

சரி, ரிமைண்டரால் பயன் உண்டா? உண்டு. ஆனால் எதற்கு என்று பிரித்துச் சொல்ல வேண்டும். ஒரு தேதியில் ஓர் இடத்துக்குப் போக வேண்டிய வேலைக்கு அது நன்றாக உதவுகிறது. தடுப்பூசிக்கு முன்கூட்டியே நினைவூட்டினால் வருகிறவர்கள் கூடுகிறார்கள் என்பதைப் பல நாடுகளில் பார்த்துவிட்டார்கள். பழக்கத்தை மாற்றுவது அவ்வளவு சுலபமில்லை. மத்திய அரசு 2016இல் தொடங்கிய கில்காரி என்ற சேவை இருக்கிறது. கர்ப்பத்தின் நான்காம் மாதத்திலிருந்து குழந்தைக்கு ஒரு வயது ஆகும் வரை வாரம் ஒரு முறை போன் அடிக்கும், எடுத்தால் பதிவு செய்த குரல் ஆலோசனை சொல்லும். மத்தியப் பிரதேசத்தில் அதை முறையாக ஆய்வு செய்தபோது, அழைப்பு வந்த பெண்களிடம் கருத்தடை முறைகளைப் பயன்படுத்துவது கொஞ்சம் கூடியிருந்தது. தாய்ப்பால் மட்டும் கொடுப்பதில் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. தாய்ப்பால் என்பது போனில் கேட்டுத் தீருகிற விஷயம் இல்லை. காம்பு வெடித்து வலிக்கிறபோது, பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாக இருக்கிறபோது, யாராவது பக்கத்தில் உட்கார்ந்து குழந்தையின் வாயை எப்படி வைப்பது என்று காட்ட வேண்டும். அந்தக் கையை ஒரு மணியோசையால் ஈடுகட்ட முடியாது. அந்தக் கை இருக்கும் இடத்துக்குச் சரியான நாளில் இவர்களைக் கொண்டுசேர்ப்பதுதான் ரிமைண்டரின் வேலை.

சரியான நாள் எது? உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட பரிந்துரை இதுதான்: பிரசவத்துக்குப் பிறகு குறைந்தது 24 மணி நேரம் மருத்துவமனையில், அப்புறம் 48 முதல் 72 மணி நேரத்துக்குள் ஒரு முறை, ஏழிலிருந்து பதினான்கு நாளுக்குள் ஒரு முறை, ஆறாவது வாரத்தில் ஒரு முறை. தாயையும் சேயையும் சேர்த்தே பார்க்க வேண்டும். நம் நாட்டில் பச்சிளங்குழந்தையை வீட்டுக்கே வந்து பார்க்கும் திட்டத்தில் 3, 7, 14, 21, 28, 42 என்று நாள் குறித்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் இதன் பெரும்பங்கு கிராம சுகாதார செவிலியரின் தோளில்தான் இருக்கிறது. ஒருவரே நாலைந்து ஊரைப் பார்த்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருந்து வருகிறவர். அவர் மூன்று முறை கூப்பிட்டும் நீங்கள் எடுக்காதது யாருடைய குற்றமும் இல்லை. அழைப்பு போய்ச் சேர்ந்த இடம்தான் தவறு.

என் அனுபவத்தில் நினைவூட்டல்கள் வீணாவதற்கு முக்கியமான காரணம் இதுதான், தம்பி. கர்ப்பம் பதிவு செய்யும்போது கணவர் எண்ணைக் கொடுக்கிறோம். பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்குப் போகிறாள். போன் ஓசூரிலும் திருப்பூரிலும் துபாயிலும் அடிக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்த காலத்தில், 45 நாள் ஊசிக்கு வராத ஒரு குழந்தையைத் தேடி நானும் செவிலியரும் ஒரு வீட்டுக்குப் போனோம். குறுஞ்செய்தி மூன்று முறை போயிருந்தது. குழந்தையின் அப்பா குவைத்தில் இருந்தார். அவர் அதைப் படித்து, மனைவியும் பார்த்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டார். வீட்டில் இருந்த பாட்டி எங்களைக் கண்டதும், "நீங்க சொல்லியிருந்தா நான் அன்னைக்கே தூக்கிட்டு வந்திருப்பேனே" என்றார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊசிக்குப் போகப்போகிறவர் அவர்தான். அவருக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

அதனால் எந்தச் செயலி நல்லது என்று தேடுவதை விட்டுவிட்டு, எந்த வேலையை யார் செய்யப்போகிறார்கள் என்று முதலில் பாருங்கள். செய்கிறவர் கையில்தான் மணி அடிக்க வேண்டும். உங்கள் வீட்டில் மூன்று பேர் இருக்கிறார்கள்: மனைவி, மாமியார், நீங்கள். பதினான்கு அலாரத்தையும் மனைவி தலையில் ஏற்றியதுதான் அவர் அழுததற்குக் காரணம். வயிற்றில் தையல், இரவில் ஒழுங்காகத் தூக்கம் கிடையாது, பிரஷர் வேறு. ஒவ்வொரு மணியும் அவருக்கு ஒரு புகார் மாதிரிதான் கேட்டிருக்கும்.

மனைவியின் போனில் இரண்டே இரண்டு இருக்கட்டும். காலையில் பிரஷர் மாத்திரை, மாலையிலும் எழுதியிருந்தால் மாலையில் ஒன்று. நேரத்தை அவரிடமே கேளுங்கள், குழந்தை வழக்கமாகத் தூங்கும் நேரமாகப் பார்த்து அவர் சொல்வார். மணிச் சத்தம் வேண்டாம், அதிர்வு மட்டும் போதும். போன் தூளிப் பக்கம் இருக்க வேண்டியதில்லை. மாத்திரையைக் கொடுக்கிறவர் மாமியார் என்றால் இந்த இரண்டும்கூட அவர் போனுக்கே போகட்டும். பட்டன் போனிலும் அலாரம் உண்டு. எழுத்து படிக்கத் தெரியாதவர் என்றால் கொஞ்சம் நல்ல போனில் உங்கள் குரலையே பதிவு செய்து அலாரம் ஒலியாக வைக்கலாம். "அத்தை, பிரஷர் மாத்திரை கொடுத்தாச்சா?" என்று மாப்பிள்ளை குரல் வந்தால் அந்த மாத்திரைக்கு வீட்டில் ஒரு மதிப்பு வந்துவிடும்.

ஆனால் ஒன்று. மாமியார் மாத்திரையை நிறுத்தியது மறதியால் இல்லை. பச்சை உடம்புக்கு ஆகாது என்று நம்பி, மகள்மேல் உள்ள அக்கறையால் நிறுத்தினார். அதற்கு ரிமைண்டர் மருந்தாகாது. அலாரம் அடிக்க அடிக்க அவர் அணைத்துக்கொண்டுதான் இருந்திருப்பார். அந்த மாத்திரை எதற்கு, அது தாய்ப்பாலைக் கெடுக்காது, நிறுத்தினால் என்ன ஆகும் என்று யாராவது அவரிடம் மரியாதையாக உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். டிஸ்சார்ஜ் அன்று அதை மருமகனிடம் சொல்லி அனுப்பியிருப்பார்கள், பெண்ணின் அம்மா வெளியே வராந்தாவில் பையைக் கட்டிக்கொண்டு இருந்திருப்பார். மருத்துவர்களாகிய நாங்கள் திரும்பத் திரும்பச் செய்கிற தவறு இது. பிள்ளைப்பேறு வீட்டில் முடிவெடுக்கிறவரை விட்டுவிட்டு மற்ற எல்லாரிடமும் பேசுவோம்.

இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியமும் தனிக்கதை. இரும்புச்சத்து தினம் ஒன்று, பிரசவத்துக்குப் பிறகு 180 நாள். கால்சியமும் ஆறு மாதம். இரண்டையும் ஒன்றாக விழுங்கினால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. டீ, காபியோடும் வேண்டாம். இதற்கு அலாரம் எதற்கு? சாப்பாட்டோடு கோத்துவிடுங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இரும்புச்சத்து, காலையிலும் இரவிலும் கால்சியம். மாத்திரை அட்டை சோற்றுப் பானைக்குப் பக்கத்து மாடத்தில் கண்ணில் படுகிற மாதிரி இருந்தால் போதும். தண்ணீருக்கும் அப்படித்தான். பத்தியம் என்று தண்ணீரைக் குறைக்கிற வழக்கம் உங்கள் பக்கத்திலும் உண்டு. பால் கொடுக்கிற பெண்ணுக்குத் தாகம் எடுக்கும், குடிக்காவிட்டால் மலச்சிக்கல் வரும், சிறுநீர் கடுக்கும். அவர் பால் கொடுக்க உட்காரும்போதெல்லாம் கையெட்டும் தூரத்தில் ஒரு சொம்பு வெந்நீர் இருக்க வேண்டும். பதினான்கு முறை அடிக்கிற செயலியைவிட அந்தச் சொம்பு நல்ல ரிமைண்டர்.

பால் கொடு என்கிற மணியை அடியோடு நீக்கிவிடுங்கள். பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு முறை குடிக்கும். எப்போது என்று குழந்தைதான் சொல்லும். தலையைத் திருப்பித் தேடும், கையை வாயில் வைக்கும், உதட்டைச் சப்பும். அழுகை கடைசியில் வருவது. செயலி அடித்தது என்று தூங்குகிற பிள்ளையை எழுப்புவதும், அடிக்கவில்லை என்று தேடுகிற பிள்ளையைக் காக்கவைப்பதும் வேண்டாம். இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. குறைமாதத்தில் பிறந்தது, எடை குறைவானது, மஞ்சள் காமாலையால் சோர்ந்து தூங்கிக்கொண்டே இருப்பது, இந்தக் குழந்தைகளை இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை எழுப்பித்தான் கொடுக்க வேண்டும். அந்த வீடுகளில் பிறந்த எடையைத் திரும்ப எட்டும் வரை அலாரம் நியாயம்தான். முதல் சில நாளில் எல்லாக் குழந்தைக்கும் எடை கொஞ்சம் இறங்கும், பத்திலிருந்து பதினான்கு நாளுக்குள் ஏறிவிட வேண்டும். உங்கள் மகள் பதினான்காம் நாள் 2.65 கிலோ இருந்தாள். ஒரு நாளைக்கு ஆறு முறைக்கு மேல் சிறுநீர் போகிறாள். இதற்குமேல் எந்த மணியும் அவளுக்குத் தேவையில்லை.

இப்போது தேதிகளுக்கு வருகிறேன், அங்கேதான் விஷயம் இருக்கிறது. நாள் எண்ணுவது நம் வீடுகளுக்குப் புதிதில்லை. பிள்ளை பிறந்தால் எத்தனையாம் நாள் தீட்டுக் கழிப்பது, எத்தனையாம் நாள் பேர் வைப்பது, எப்போது தூளியில் போடுவது என்று பாட்டிகள் விரல் விட்டு எண்ணி வைத்திருப்பார்கள். ஒரு நாள் பிசகாது. எனக்குத் தெரிந்த ஒரு கிராம சுகாதார செவிலியர், குறுஞ்செய்தி என்பதே இல்லாத நாளில், பிரசவமான வீட்டுக்குள் நுழைந்ததும் சுவரில் மாட்டியிருக்கும் தினசரி காலண்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வார். தாள்களைப் புரட்டி, அந்தந்தத் தேதியில் பேனாவால் பெரிதாக "எடை", "ஊசி", "அம்மாவுக்கு பிரஷர்" என்று எழுதிவிட்டு மறுபடி ஆணியில் மாட்டுவார். நல்ல நேரம், ராகு காலம் பார்க்க அந்த வீட்டில் யாராவது தினமும் காலையில் தாளைக் கிழித்தே ஆக வேண்டும். கிழிக்கும்போது "ஊசி" என்று கண்ணில் படும். சார்ஜ் போகாது, சிக்னல் வேண்டாம், சைலண்டில் போட முடியாது. உங்கள் மாமியார் வீட்டிலும் தாள் கிழிக்கிற காலண்டர் இருக்கிறது என்றீர்கள். ஒரு வீடியோ காலில் நீங்கள் தேதி சொல்லச் சொல்ல அவரே எழுதட்டும். அவர் கையெழுத்தில் இருந்தால் அது அவர் வேலையாகிவிடும்.

எழுத வேண்டியவை கொஞ்சம்தான். குழந்தை பிறந்த 21ஆம் நாள், 28ஆம் நாள் இரண்டிலும் அவள் எடை. மனைவிக்கு மருத்துவமனையில் சொன்ன பிரஷர் பரிசோதனை நாட்கள், அநேகமாக வாரத்துக்கு ஒன்றாவது இருக்கும். ஆறு வாரம் முடிந்ததும் வருகிற புதன்கிழமை. அது ஏன் புதன் என்றால், நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஊசி போடும் நாள் அதுதான். ஊர் வழக்கில் 45 நாள் ஊசி, 75 நாள் ஊசி, 105 நாள் ஊசி என்கிறோம். கணக்குப்படி 6, 10, 14 வாரங்கள். 45 நாள் ஊசிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிற அன்றே தாய்க்கும் ஆறாவது வாரப் பரிசோதனையை முடித்துவிடலாம். பிரஷர், ரத்தம், தையல், அடுத்த குழந்தைக்கான இடைவெளி என்று எல்லாம் ஒரே ஆட்டோவில். அங்கே பெரும்பாலும் குழந்தைக்கு ஊசி போட்டதும் தாய் அப்படியே திரும்பிவிடுவாள். அவளை யாரும் கேட்பதில்லை, அவளும் கேட்பதில்லை. அதனால் தாளில் "ஊசி" என்று மட்டும் எழுதாமல் "ஊசி, அம்மாவுக்கும் பார்க்கணும்" என்று எழுதச் சொல்லுங்கள். கர்ப்பத்தில் சர்க்கரை இருந்தவர்கள் அந்தப் பரிசோதனையையும் இதே ஆறாவது வாரத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தடுப்பூசிகளைப் பதிவு செய்யும் அரசின் யு-வின் தளத்தில் குழந்தையின் பதிவு இருந்தால் ஊசித் தேதிக்கு முன் குறுஞ்செய்தி வரும். நல்ல ஏற்பாடு. அதுவும் பதிவில் இருக்கிற எண்ணுக்குத்தான் வரும் என்பதை மறக்காதீர்கள். நீங்கள் போட்ட செயலியில் குழந்தை பிறந்த தேதியைச் சரியாக மாற்றினீர்களா என்றும் பாருங்கள். உங்கள் மகள் பதினைந்து நாள் முன்னதாகப் பிறந்தவள். சில செயலிகள் குறித்த தேதியையே பிடித்துக்கொண்டு, குழந்தை மடியில் இருக்கும்போது "பிரசவப் பையைத் தயார் செய்துவிட்டீர்களா?" என்று கேட்கும்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. குழந்தை இறந்து பிறந்த ஒரு பெண், ஆறாவது வாரத்தில் என்னிடம் வந்தபோது போனை நீட்டினாள். "உங்கள் செல்லக் குழந்தைக்குத் தடுப்பூசி போட்டுவிட்டீர்களா?" என்று இருந்தது. வாரா வாரம் அப்படி வந்துகொண்டிருந்ததாம், எப்படி நிறுத்துவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அன்று அவள் முன்னால் என்னால் பேச முடியவில்லை. இப்படிப்பட்ட வீட்டில் யாராவது ஒருவர் முன்னின்று செவிலியரிடம் சொல்லிப் பதிவை மாற்றச் சொல்லுங்கள், செயலியை நீக்குங்கள். ஆனால் தாய்க்கான பரிசோதனை நாட்களை மட்டும் நீக்கிவிடாதீர்கள். அவளுக்கும் பிரசவம் ஆகியிருக்கிறது. ரத்தப்போக்கும் காய்ச்சலும் பிரஷரும் அவளையும் விடாது, பால் கட்டுவதும் உண்டு. அவளைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள்.

இனி உங்கள் போனுக்கு வருகிறேன். ஷிப்ட் முடிந்து லாக்கரைத் திறக்கிற நேரத்துக்கு ஒரு ரிமைண்டர் வையுங்கள். அதில் "மாத்திரை போட்டாளா?" என்று எழுதாதீர்கள். "அவளோடு பேசு" என்று எழுதுங்கள். குழந்தை என்ன செய்கிறது என்பதற்கு முன்னால் நீ எப்படி இருக்கிறாய் என்று கேளுங்கள். பிரசவத்துக்குப் பிறகு முதல் சில நாள் காரணமே இல்லாமல் அழுகை வருவது பல பெண்களுக்கு உண்டு, தானாகவே சரியாகிவிடும். இரண்டு வாரம் தாண்டியும் அழுகை நிற்கவில்லை, குழந்தை தூங்கினாலும் இவருக்குத் தூக்கம் வரவில்லை, குழந்தைமேல் ஒட்டுதல் இல்லை, சாப்பாடு பிடிக்கவில்லை என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு. 14416 என்ற டெலி மனஸ் எண்ணில், அது அரசின் மனநல உதவி எண், தமிழில் பேசலாம், செலவில்லை. தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடுவேனோ என்று ஒரு வார்த்தை வந்தாலும், மாறாட்டமாகப் பேசினாலும், அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டும், தனியாக விடக் கூடாது. உங்கள் மனைவிக்கு இப்போது பதினெட்டாம் நாள். இந்த வாரம் அவர் குரலைக் கொஞ்சம் கூர்ந்து கேளுங்கள். பதினான்கு அலாரத்தை நிறுத்தியதிலேயே பாதி அழுகை போய்விட்டது என்று நீங்கள் சொன்னது நல்ல அறிகுறி.

அப்புறம், எந்த ரிமைண்டருக்கும் காத்திருக்கக் கூடாதவை சில இருக்கின்றன. இதில் எனக்குப் பயமே உண்டு. அலாரம் வைத்துப் பழகிய வீட்டில், "பரிசோதனை புதன்கிழமைதானே, அன்றைக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம்" என்று உட்கார்ந்துவிடுவார்கள். தாய்க்கு ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுக்க நனைகிற அளவுக்கு ரத்தம் போனால், எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டியாக விழுந்தால், காய்ச்சல், நாற்றமடிக்கும் கசிவு, தையலில் சீழ், தலைவலியோடு கண் மங்குவது, மேல்வயிற்று வலி, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, மூச்சு வாங்குவது, வலிப்பு. குழந்தை பால் குடிக்க மறுத்தால், அசைவு குறைந்து துவண்டு கிடந்தால், உடம்பு சுட்டாலோ சில்லிட்டாலோ, சும்மா இருக்கும்போதே நிமிடத்துக்கு அறுபதுக்கு மேல் மூச்சு விட்டால், நெஞ்சுக்கூடு உள்ளே இழுத்தால், மஞ்சள் உள்ளங்கை உள்ளங்கால் வரை இறங்கினால், தொப்புளைச் சுற்றிச் சிவந்தால், வலிப்பு வந்தால். இதில் எது ஒன்று வந்தாலும் 108. நடுராத்திரி என்றாலும் சரி, அமாவாசை என்றாலும் சரி. சந்தேகமாக இருந்தால் 104க்குக் கூப்பிட்டுக் கேட்கலாம், ஆனால் கேட்டுக்கொண்டே நேரத்தைக் கடத்த வேண்டாம். இந்தப் பத்தியை அப்படியே வாசித்து மாமியாருக்கு ஒரு வாட்ஸ்ஆப் குரல் பதிவாக அனுப்புங்கள். பக்கத்து வீட்டில் ஒருவருக்கும் அனுப்புங்கள், ராத்திரியில் கூட வருகிறவர் அவராகத்தான் இருப்பார்.

செயலியை என்ன செய்வது என்று கேட்டீர்கள். எடை எழுதிவைக்க, ஊசித் தேதி பார்க்க வைத்துக்கொள்ளலாம், அறிவிப்புகளை எல்லாம் நிறுத்திவிட்டு. மருந்து, சத்துமாவு, பால் பவுடர் விளம்பரம் காட்டுகிற செயலி என்றால் நான் நீக்கிவிடுவேன். பால் போதவில்லையோ என்று தாய் கலங்குகிற நேரத்தில் பால் பவுடர் படத்தைக் காட்டுவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத வேலை. மனைவியின் போன் எண், குழந்தையின் படம், பிறந்த தேதி, எல்லாவற்றையும் கேட்கிற செயலிக்கும் யோசித்துக் கொடுங்கள்.

நீங்கள் இன்றே செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. மாமியார் ஊர் செவிலியரின் எண் உங்களிடம் இருக்கிறது, அந்த மூன்று தவறிய அழைப்புகளில். அவரைக் கூப்பிட்டு, குழந்தை இப்போது அவருடைய ஊரில் இருக்கிறது என்று சொல்லி, பதிவில் உள்ள எண்ணை மாமியார் எண்ணாக மாற்றச் சொல்லுங்கள். மாற்றிய பிறகு அவரை அந்த எண்ணுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் வீடியோ காலில் இருங்கள். அந்த வீட்டில் மணி அடிக்கிறதா, யார் ஓடிவந்து எடுக்கிறார்கள் என்று பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் டாக்டரக்கா